ஹால் டிக்கெட்டைக் காட்டி வாயை மூடாதீர்கள்!

(மாணவர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரியில் கருத்துச் சுதந்திரம்" என்று தலைப்புக் கொடுத்திருக்காங்க. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் அரசியல் சட்டத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நான் காலண்டரில் ஆரம்பிக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மூன்று கணக்கு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க.

முதல் கணக்கு, 16 நாள். சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்று ஒரு மாணவர் அமைப்பு. 2014இல் அம்பேத்கர் பிறந்த நாளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு துண்டறிக்கை போட்டாங்க. ஒரு பேராசிரியர் பேசிய பேச்சின் பகுதிகள் அதில் இருந்தன. பிரதமரையும் ஒன்றிய அரசின் கொள்கைகளையும் விமர்சித்து வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று டெல்லிக்கு ஒரு கடிதம் போனது. பெயர் போடாத மொட்டைக் கடிதம். நம்ம ஊர் டீக்கடையில் கூட மொட்டைக் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டாங்க. ஆனால் அமைச்சகம் அதை மதித்து ஐ.ஐ.டி.க்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே 22 அன்று அமைப்பின் அங்கீகாரம் ரத்து. நாடு முழுக்க மாணவர்கள் குரல் கொடுத்த பிறகு, ஜூன் 7 அன்று திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது கணக்கு, 18 நாள். 2025 மே மாதம். புனேயில் பொறியியல் படிக்கும் 19 வயதுப் பெண். ஆபரேஷன் சிந்தூர் நடந்த நேரத்தில் இன்ஸ்டாகிராமில் வேறு யாரோ போட்ட பதிவு ஒன்றை அந்தப் பெண் பகிர்ந்தாள். மிரட்டல் வந்ததும் சில மணி நேரத்தில் நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டாள். விடவில்லை. மே 9 அன்று கைது. கல்லூரியோ ஒரு விளக்கம் கூடக் கேட்காமல் நீக்கிவிட்டது. மே 27 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அரசையும் கல்லூரியையும் கடுமையாகக் கண்டித்து ஜாமீன் கொடுத்தது. கல்லூரியின் நீக்க உத்தரவை நிறுத்தி வைத்து, பரீட்சை எழுத விடுங்கள் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்குள் செமஸ்டர் தேர்வு ஆரம்பித்துச் சில தாள்கள் போய்விட்டன.

மூன்றாவது கணக்கு, ஓர் ஆண்டுக்கும் மேல். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஒரு தலித் ஆய்வு மாணவர். நாடாளுமன்றத்தை நோக்கிய மாணவர் பேரணியில் மாணவர் அமைப்பின் பதாகையோடு கலந்துகொண்டார். ஓர் ஆவணப்படத்தைப் பாருங்கள் என்று சமூக வலைத்தளத்தில் எழுதினார். இவற்றை எல்லாம் குற்றமாகக் காட்டி 2024 ஏப்ரலில் இரண்டு ஆண்டு இடைநீக்கம். உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார். இதுவரை வெளியே இருந்த காலமே போதும், படிப்பைத் தொடரட்டும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. போன ஆண்டு போனதுதான்.

மூன்று இடத்திலும் கடைசியில் மாணவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் நீதி கிடைத்தது. "அப்புறம் என்னப்பா, நம்ம நாட்டுல கோர்ட் இருக்கே, சட்டம் இருக்கே" என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கு. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனால் நீதிமன்றத்தின் காலண்டர் வேறு, மாணவனின் காலண்டர் வேறு. வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வரும். பரீட்சை நாளைக்கே வந்துவிடும்.

இதுதான் நான் இன்று சொல்ல வந்த விஷயம். கல்லூரியில் எழுத்துச் சுதந்திரம் சிறையில் பறிபோவதை விட, பிரின்சிபால் அறையில் பறிபோவதுதான் அதிகம். அங்கே லத்தி தேவையில்லை. ஹால் டிக்கெட் போதும்.

எப்படி நடக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஹாஸ்டல் சாம்பாரில் புழு. ஒரு பையன் போட்டோ எடுத்து, நாலு வரி எழுதி ஸ்டேட்டஸ் வைக்கிறான். காலையில் ஹெச்.ஓ.டி. கூப்பிடுறார். "யார் சொல்லி எழுதினே? எந்தக் கட்சி? அப்பாவைக் கூட்டிட்டு வா." வயல் வேலையை விட்டுட்டு, ஒரு நாள் கூலியை விட்டுட்டு அப்பா வர்றார். கையைக் கட்டிக்கிட்டு நிற்கிறார். ஒரு தாளை நீட்டுறாங்க. "இனிமேல் கல்லூரியைப் பற்றி எதுவும் எழுத மாட்டேன், எழுதினால் கல்லூரி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதிக்கிறேன்." பையன் கையெழுத்து, அப்பா கையெழுத்து. பையன் வெளியே வர்றான். எந்தப் பத்திரிகையிலும் செய்தி வராது. எந்த நீதிபதியும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பையன் மட்டுமில்ல, அந்த வகுப்பில் இருக்கிற 60 பேரும் அதோடு எழுதுவதை நிறுத்திடுவாங்க. புழு மட்டும் சாம்பாரிலேயே இருக்கும்.

இப்போ சட்டத்துக்கு வரலாம்.

அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுக்கும் கருத்துக்கும் உரிமை கொடுக்குது. அதுக்கு எல்லை உண்டு. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு எட்டுக் காரணங்களைச் சொல்லுது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். விரல் விட்டு எண்ணிப் பாருங்க. இந்த எட்டில் "கல்லூரியின் நற்பெயர்" என்று ஒன்று இருக்கா? "மேனேஜ்மென்ட் மனம் புண்படுதல்" என்று ஒன்று இருக்கா?

அவதூறு இருக்கே என்று கரஸ்பாண்டென்ட் கேட்பார். கேட்கட்டும். பொய்யைப் பரப்பி ஒருத்தர் பெயரைக் கெடுத்தா அது தப்பு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது என்று அந்தச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கு. சாம்பாரில் புழு இருந்தது உண்மையென்றால், கல்லூரியின் பெயரைக் கெடுத்தது புழு. போட்டோ எடுத்த பையன் இல்லை.

இன்னொன்று முக்கியம். எட்டுக் காரணம் இருந்தாலும், கட்டுப்பாட்டைச் சட்டம் வழியாகத்தான் கொண்டு வர முடியும். ஒரு சர்க்குலர் போட்டுக் கொண்டு வர முடியாது. நான் சொல்லலை, உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985இல் கேரளாவில் ஒரு பள்ளிக்கூடம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பாங்க. ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாட மாட்டாங்க. பள்ளியை விட்டு வெளியே அனுப்பிட்டாங்க. 1986 ஆகஸ்டில் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இன்றும் சொல்லப்படும் அந்தத் தீர்ப்பு வந்தது. கல்வித் துறையின் சுற்றறிக்கைகளுக்குச் சட்ட வலு கிடையாது, அதை வைத்து அடிப்படை உரிமையில் கை வைக்க முடியாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது நீதிமன்றம். தேசிய கீத விவகாரத்திலேயே சுற்றறிக்கை செல்லாது என்றால், மெஸ் விவகாரத்தில் உங்க நோட்டீஸ் போர்டு அறிவிப்பு எம்மாத்திரம்?

அந்த வழக்கிலும் ஓராண்டு போனதைக் கவனிச்சீங்களா? அதே காலண்டர்.

2025 மார்ச் 28 அன்று வந்த இன்னொரு தீர்ப்பையும் குறிச்சு வச்சுக்குங்க. நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதையோடு வீடியோ போட்டதற்குக் குஜராத் போலீஸ் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எழுத்தையும் பேச்சையும் உறுதியான மனம் கொண்ட மனிதரின் கண்ணால் எடை போட வேண்டும், எதைக் கேட்டாலும் ஆடிப்போகிறவரின் அளவுகோலால் பார்க்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்த வகை வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கவும் போலீசுக்கு அறிவுறுத்தியது. அவர் எம்.பி. உச்ச நீதிமன்றம் வரை போக வழி இருந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு?

மாணவர்கள் எழுதுவதைத் தடுத்தா போதும்னு இவங்க நினைக்கலை. படிப்பதையும் தடுக்கிறாங்க. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அருந்ததி ராய் எழுதிய ஒரு நூல் 2017 முதல் முதுகலை ஆங்கிலப் பாடத்தில் இருந்தது. மூன்று ஆண்டு மாணவர்கள் படிச்சாங்க, பரீட்சை எழுதினாங்க, வானம் ஒன்றும் இடிஞ்சு விழலை. 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. புகார் கொடுத்தது. நூல் பாடத்திட்டத்திலிருந்து போனது. புகார் வந்ததும் கை நடுங்குகிற நிர்வாகம்தான் இங்கே பிரச்சினை. ஐ.ஐ.டி.யில் மொட்டைக் கடிதத்துக்கு நடந்ததும் இதேதான்.

சரி, அப்போ மாணவன் என்ன வேணும்னாலும் எழுதலாமா என்று பெற்றோர்கள் கேட்பீங்க. நியாயமான கேள்வி. எழுதக் கூடாது. சக மாணவனைச் சாதி பேர் சொல்லி இழிவுபடுத்தி எழுதினால் அதுக்குச் சட்டம் இருக்கு, நடவடிக்கை எடுக்கணும். கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டிப் போட்டால் அது கருத்துச் சுதந்திரம் இல்லை, குற்றம். ஆசிரியரை அடிப்பேன் என்று எழுதினால் அது மிரட்டல். இதிலெல்லாம் நமக்குக் குழப்பமே வேண்டாம். ஆனால் ஒன்று பாருங்க. சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்குப் புகார் கொடுத்தால் "சமாதானமாப் போயிடுங்கப்பா" என்று சொல்கிற நிர்வாகம்தான், மெஸ்ஸைப் பற்றி எழுதினால் மறுநாளே டி.சி. எடுத்து வைக்குது. ஒழுங்கு பற்றிய அக்கறை என்றால் இது தலைகீழா இருக்கணும்.

இப்போ நமக்கு நாமே சொல்லிக்க வேண்டிய ஒரு விஷயம். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. நாளைக்கு ஒரு மாணவன் நம்ம கட்சியைத் திட்டி எழுதுவான். நம்ம தலைவரைக் கேலி பண்ணி மீம் போடுவான். அப்போ அவன் கல்லூரிக்கு போன் போடுகிற வேலையை நம்ம ஆட்கள் யாரும் செய்யக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகாரோடு போகக் கூடாது. அவன் எழுதினது தப்புன்னா பதில் எழுதுங்க. அதைவிட நல்ல மீம் போடுங்க. நமக்குப் பிடித்த எழுத்துக்கு மட்டும் சுதந்திரம் கேட்டால் அதுக்குப் பேர் விளம்பரம்.

இந்த மண்ணின் அரசியலே மாணவர்களின் எழுத்திலிருந்து வந்தது. திருவாரூரில் பள்ளியில் படிக்கும்போது "மாணவ நேசன்" என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார் கலைஞர். 1942இல் 18 வயதில் "முரசொலி"யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார். 1965 மொழிப் போரில் கல்லூரி மாணவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார். அந்த வரலாற்றைக் கொண்டாடுகிற எந்தக் கட்சிக்கும், இன்றைக்கு ஒரு மாணவன் சுவரில் தாள் ஒட்டினால் கோபப்பட உரிமை கிடையாது.

சுவர் என்றதும் நினைவுக்கு வருது. மாணவர் தேர்தல் பற்றி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு கொடுத்த பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கு. கட்டுப்பாடு கடுமைதான். ஆனால் தேர்தல் நடத்தணும் என்பதுதான் அதன் அடிப்படை. நம்ம மாநிலத்தில் எத்தனை கல்லூரியில் தேர்தல் நடக்குது, கை தூக்குங்க பார்ப்போம். பேரவை இல்லாத கல்லூரியில் ஒரு மாணவனைத் தனியா அறைக்குக் கூப்பிட்டால் அவன் தனியாத்தான் போகணும். பேரவை இருந்தால் கூட ஒருத்தர் போவார்.

அதனால் நாம் கேட்பது இவைதான்.

ஒன்று: எழுத்துக்காகவோ பேச்சுக்காகவோ எந்த மாணவரின் ஹால் டிக்கெட், விடுதி இடம், உதவித்தொகை, இன்டர்னல் மார்க் ஆகியவற்றிலும் கை வைக்கக் கூடாது. விசாரணை நடக்கட்டும். பரீட்சையும் நடக்கட்டும்.

இரண்டு: மொட்டைக் கடிதத்தின் பேரில் நடவடிக்கை கூடாது.

மூன்று: எழுத்து மூலம் நோட்டீஸ், பதில் சொல்ல அவகாசம், விசாரணைக் குழுவில் மாணவர் பிரதிநிதி. இந்த மூன்றும் இல்லாத தண்டனை செல்லாது.

நான்கு: கல்லூரி மலரும் சுவர்ப் பத்திரிகையும் மாணவர் ஆசிரியர் குழுவின் கையில் இருக்கணும். பேராசிரியர் ஆலோசனை சொல்லட்டும், கத்திரிக்கோல் வேண்டாம்.

ஐந்து: ஆண்டுதோறும் மாணவர் பேரவைத் தேர்தல்.

சுயநிதிக் கல்லூரிகள் "நாங்க தனியார், அடிப்படை உரிமை எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று வாதாடுவாங்க. அதனால்தான் இந்த ஐந்தையும் பல்கலைக்கழக இணைப்புக்கான நிபந்தனையாகவே வைக்கணும் என்கிறோம். கட்டடம் எவ்வளவு சதுர அடி, லேபில் எத்தனை கம்ப்யூட்டர் என்று பார்த்து அனுமதி கொடுக்கிறோம். மாணவன் வாய் திறக்கலாமா என்பதையும் பார்த்துக் கொடுக்கலாமே.

இதெல்லாம் வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். இப்போதே கையில் இருக்கிறதைப் பயன்படுத்துங்க. 2023இல் யு.ஜி.சி. கொண்டு வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருந்தாகணும். மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளராக அதில் இருக்கணும். புகார் கொடுத்த 15 வேலை நாளில் குழு அறிக்கை கொடுக்கணும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழக அளவில் ஓம்பட்ஸ்பர்சன் என்ற குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்க கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் என்று நாளைக்குப் போய்க் கேளுங்க. பட்டியல் இல்லையென்றால் அதுவே முதல் புகார்.

அறைக்குக் கூப்பிட்டால் மூன்று விஷயம் மறக்காதீங்க. குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்க. எந்தத் தாளிலும் அங்கேயே, அப்போதே கையெழுத்துப் போடாதீங்க, "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு நாளை தருகிறேன் ஐயா" என்று மரியாதையாச் சொல்லுங்க. அன்றைக்கே அம்மா அப்பாவிடம் நீங்களே சொல்லிடுங்க, கல்லூரி போன் பண்ணி அவங்க தெரிஞ்சுக்க வேண்டாம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளை உங்க முன்னாலும் நீட்டுவாங்க. பிள்ளையின் படிப்பு முக்கியம், உங்க பயம் எனக்குப் புரியுது. கையெழுத்துப் போடும் முன் பிள்ளையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீ எழுதினது உண்மையா?" உண்மை என்று அவன் சொன்னால், அந்தப் பேனாவை மேசையில் வச்சிட்டு, நோட்டீஸ் எங்கே என்று நீங்க கேளுங்க. நீங்க கேட்டால் அந்த அறையில் பேச்சு மாறும்.

தோழர்களே, எழுதுங்க. பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை, பெயர் போட்டு எழுதுங்க. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் எழுதட்டும், நமக்கு அது வேண்டாம். எழுதினதுக்காக உங்க ஹால் டிக்கெட்டை யாராவது எடுத்து வச்சுக்கிட்டால், மறுநாள் காலை கல்லூரி வாசலில் நம்ம மாவட்ட நிர்வாகிகள் வழக்கறிஞரோடு நிற்கணும். அடுத்த விசாரணைத் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாது. பரீட்சைக்கு முன்னால் நிற்கணும்.



#எழுதும்_உரிமை #மாணவர்_குரல்